டோனியின் முட்டி வலியும், ‘ரிலீவர்’ இல்லாத சென்னை அணியும்: 88 ஆட்டம் லீவே போடாத கதை

ஸ்ரீபெரும்புதூர்:

கம்பெனி பஸ்சில் ஏறினால் இரண்டு கட்சி. இது தி.மு.க., அ.தி.மு.க. கட்சி இல்லை. “டோனியை எப்பவோ உட்கார வச்சிருக்கணும்” என்பது ஒரு கட்சி. “தல இல்லாட்டி அது சென்னை டீமே இல்ல” என்பது இன்னொரு கட்சி. ஒரகடத்தில் தொடங்கும் வாக்குவாதம் சுங்குவார்சத்திரம் தாண்டியும் ஓயாது. 2025 ஐ.பி.எல். போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக கடைசி இடத்துக்கு போனதும் சண்டை இன்னும் சூடாகிவிட்டது.

இரண்டு கட்சியும் அடித்துக்கொள்ளும் விஷயம் ஒன்றுதான். காலில் கோளாறு. ஒரு நாள் வெளுத்து வாங்குகிறார், மறுநாள் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஆட்டக்காரரை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எப்போது மாற்றுவது? சென்னை அணி மாற்றாமல் போனதற்கு பாசம் மட்டும்தான் காரணமா?

பாசம் பாதிதான். மீதி பாதி, மூன்று ஷிப்டு ஓடும் நம்ம ஊர் ஆட்களுக்கு சொல்லாமலே புரியும் விஷயம். ரிலீவர் வராமல் மிஷினை விட்டு ஆபரேட்டர் நகர முடியாது. சென்னை அணியில் அந்த ரிலீவர் வரவே இல்லை. வரவும் விடவில்லை.

விவரம் வருமாறு:-

முட்டியில் ஆபரேஷன்

2023 சீசன் முழுவதையும் டோனி இடது முட்டி வலியோடுதான் ஆடினார். ஆமதாபாத்தில் நடந்த இறுதிப்போட்டி மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் மே 30-ந் தேதி அதிகாலையில்தான் முடிந்தது. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி அடித்து 5-வது கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இங்கே ராத்திரி ஷிப்டில் செல்போனை ஒளித்து வைத்து பார்த்தவர்கள் நிறைய பேர். அதே ஆட்டத்தில் டோனி சந்தித்த முதல் பந்திலேயே அவுட் ஆனார் என்பது வெற்றி சத்தத்தில் மறந்து போனது.

ஜூன் 1-ந் தேதி மும்பை கோகிலாபென் ஆஸ்பத்திரியில் டோனிக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. செய்தவர் டாக்டர் தின்ஷா பர்திவாலா. கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பண்டுக்கு ஆபரேஷன் செய்தவரும் இவரே. அப்போது டோனிக்கு 41 வயது.

விக்கெட் கீப்பர் வேலை எவ்வளவு கஷ்டம் என்று டி.வி.யில் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு பந்துக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். 20 ஓவருக்கு 120 பந்து. வைடு, நோ-பால் தனி. பிள்ளையார் கோவிலில் 108 தோப்புக்கரணம் போட்டு பாருங்கள், மறுநாள் மாடிப்படி ஏறும்போது தெரியும். இவர் அதை 40 வயதுக்கு மேல், ஆபரேஷன் செய்த முட்டியோடு, சில நாளைக்கு ஒரு முறை செய்தார்.

லைட் டூட்டி

2024-ல் அணி ஒரு வழி கண்டுபிடித்தது. கேப்டன் பதவியை ருதுராஜ் கெய்க்வாட்டிடம் கொடுத்தார்கள். டோனி கடைசி 2, 3 ஓவர் இருக்கும்போது மட்டும் பேட்டோடு வருவார். ஓட வேண்டியதில்லை, நின்ற இடத்தில் அடித்தால் போதும். கம்பெனியில் அடிபட்டவருக்கு ‘லைட் டூட்டி’ போடுவார்களே, அதேதான்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. ஏப்ரல் 14-ந் தேதி மும்பையில் ஹர்திக் பாண்ட்யா ஓவரில் வரிசையாக 3 சிக்சர். 4 பந்தில் 20 ரன். சென்னை ஜெயித்ததும் அதே 20 ரன் வித்தியாசத்தில்! அந்த சீசன் முழுக்க அவர் சந்தித்தது 73 பந்து, அடித்தது 161 ரன்.

ஆனால் மே 5-ந் தேதி தர்மசாலாவில் 9-வது ஆளாக வந்து, ஹர்ஷல் படேல் வீசிய முதல் பந்திலேயே போல்டு. பந்து வீச்சாளர்களுக்கு பின்னால் வருகிறாரே என்று பலர் கிண்டல் செய்தார்கள். காலில் தசை கிழிந்த நிலையில்தான் ஆடினார் என்று பிறகு பத்திரிகைகளில் செய்தி வந்தது. சென்னை அந்த ஆண்டு 5-வது இடம். ரன் ரேட்டில் நூலிழையில் பிளே-ஆப் வாய்ப்பு போனது.

பேட்டிங்கில்தான் லைட் டூட்டி. கீப்பிங்கில் புல் டூட்டி. முட்டிக்கு வேலை வைப்பது எது என்று பார்த்தால், குறைக்க வேண்டியதை குறைக்காமல் மற்றதை குறைத்திருக்கிறார்கள்.

முன்னால் வந்தாலும் தோல்வி, பின்னால் வந்தாலும் தோல்வி

2025-ல்தான் குட்டு உடைந்தது. மார்ச் 28-ந் தேதி சேப்பாக்கத்தில் பெங்களூர் அணியுடன் ஆட்டம். 197 ரன் எடுக்க வேண்டும். விக்கெட் மளமளவென்று சரிகிறது. கூட்டம் “டோனி, டோனி” என்று கத்துகிறது. ஆனால் அஸ்வின் வருகிறார். அவரும் அவுட் ஆன பிறகுதான் 9-வது ஆளாக டோனி வந்தார். 16 பந்தில் 30 ரன். ஆட்டம் ஏற்கனவே முடிந்து போயிருந்தது. 50 ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் சென்னை தோற்றது 2008-க்கு பிறகு அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து கவுகாத்தியில் ராஜஸ்தானிடமும் தோல்வி. அன்று பயிற்சியாளர் பிளமிங் வாயை திறந்தார். டோனியின் உடம்பும் முட்டியும் முன்பு போல் இல்லை, 10 ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது, எப்போது இறங்குவது என்று ஆட்டத்தை பார்த்து அவரே முடிவு செய்கிறார் என்று சொன்னார். சொந்த அணி பயிற்சியாளரே இவ்வளவு வெளிப்படையாக பேசியது ரசிகர்களுக்கு அதிர்ச்சி.

சரி, முன்னால் வந்தால் என்ன ஆகும்? அதுவும் நடந்தது. ஏப்ரல் 5-ந் தேதி டெல்லியுடன் சேப்பாக்கத்தில் ஆட்டம். 184 ரன் தேவை. 11-வது ஓவரிலேயே டோனி வந்துவிட்டார். கூட நம்ம தமிழ்நாட்டு விஜய் சங்கர். இரண்டு பேரும் கடைசி வரை அவுட் ஆகவில்லை. ஆனால் டோனி 26 பந்தில் எடுத்தது 30 ரன். தோல்வி 25 ரன்னில். அவருடைய அப்பா, அம்மா அன்று மைதானத்துக்கு வந்திருந்ததால் ஓய்வு அறிவிக்கப் போகிறார் என்று வதந்தி வேறு கிளம்பியது.

இத்தோடு விட்டால் ‘மாற்ற வேண்டும்’ கட்சி ஜெயித்துவிடும். ஏப்ரல் 14-ந் தேதி லக்னோவில் அதே மனிதர் 11 பந்தில் 26 ரன் அடித்து ஆட்டத்தை முடித்து கொடுத்து ஆட்ட நாயகன் விருது வாங்கினார். அன்றைக்கு அவருக்கு 43 வயது. அதே ஆட்டத்தில்தான் ஐ.பி.எல்.லில் கீப்பராக 200 பேரை அவுட் ஆக்கிய முதல் ஆள் என்ற சாதனையும் செய்தார். சீசன் தொடக்கத்தில் சூர்யகுமார் யாதவை அவர் ஸ்டம்பிங் செய்த வேகத்தை பார்த்து வாயை பிளந்தார்கள். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

கை அப்படியே இருக்கிறது. கால்தான் இல்லை. கை இருக்கும் வரை கால் போனது கண்ணுக்கு தெரியாது என்பதுதான் சிக்கல்.

கேப்டன் கையிலும் அடி

கெய்க்வாட்டுக்கு கவுகாத்தி ஆட்டத்தில் துஷார் தேஷ்பாண்டே வீசிய பந்து முழங்கையில் பட்டது. எலும்பு முறிவு. ஏப்ரல் 10-ந் தேதி சீசனை விட்டே விலகினார். கேப்டன் பதவி திரும்பவும் டோனியிடமே வந்தது. மறுநாளே கொல்கத்தாவுக்கு எதிராக சேப்பாக்கத்தில் 103 ரன்தான் எடுக்க முடிந்தது. ஐ.பி.எல்.லில் சென்னை தொடர்ந்து 5 ஆட்டம் தோற்றது அப்போதுதான் முதல் முறை.

கடைசியில் 14 ஆட்டத்தில் 4 வெற்றி. சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டத்தில் 5 தோல்வி. டோனி கணக்கில் 196 ரன். சென்னைக்கு ஆடுகளம் சாதகம், சென்னையில் சென்னையை அசைக்க முடியாது என்று பேசிய காலம் போயே போச்சு.

இதற்கு டோனி ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். தொடக்க ஆட்டக்காரர்கள் அடிக்கவில்லை, நடுவில் வருபவர்கள் கட்டை போட்டார்கள், பவர் பிளேயில் ரன்னே வரவில்லை. அப்படி இருந்தும் ஒரு வேடிக்கை பாருங்கள். கெய்க்வாட் அடிபட்டு போனதால் 17 வயது பையன் ஆயுஷ் மாத்ரேவை கூப்பிட்டார்கள். அவன் பெங்களூரில் 48 பந்தில் 94 ரன் அடித்தான். குர்ஜப்னீத் சிங் காயத்தால் வந்தவர் பிரேவிஸ், வன்ஷ் பேடி காயத்தால் வந்தவர் உர்வில் படேல். மூன்று பேரும் வந்த பிறகுதான் பேட்டிங்கில் உயிர் வந்தது. கடைசி ஆட்டத்தில் 230 ரன் குவித்து குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தார்கள். வேறு வழி இல்லாமல் மாற்றிய இடம் எல்லாம் தேறியது.

லீவே போடாத ஆள்

இப்போது ரிலீவர் விஷயத்துக்கு வருவோம்.

2020-ல் இருந்து 2025 வரை 6 சீசன். சென்னை அணி ஆடியது மொத்தம் 88 ஆட்டம். டோனி ஆடியதும் 88. ஒரு நாள் லீவு கிடையாது. முட்டி வலியோடு 2023, தசை கிழிந்ததாக சொல்லப்பட்ட 2024, எல்லாவற்றிலும் முழு வருகை. நம்ம கம்பெனியாக இருந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் கொடுத்து கேன்டீனில் போட்டோ மாட்டி இருப்பார்கள்.

ஆனால் ஒரே ஆள் லீவே போடாமல் ஒரு மிஷினில் நின்றால் என்ன ஆகும்? அந்த மிஷினை வேறு யாரும் ஓட்டி பழகவே மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் டிரெய்னி 5 வருஷம் வேடிக்கை பார்ப்பான். ஆபரேட்டருக்கு உடம்பு முடியாமல் போகும் அன்று லைன் நிற்கும்.

அணி பயந்ததற்கும் காரணம் இருக்கிறது. 2019-ல் டோனி இல்லாமல் ரெய்னா தலைமையில் ஐதராபாத்திலும், சேப்பாக்கத்தில் மும்பையுடனும் ஆடினார்கள். இரண்டிலும் தோல்வி. மும்பையுடன் 109 ரன்னில் சுருண்டார்கள். 2022-ல் ஜடேஜாவை கேப்டன் ஆக்கினார்கள். 8 ஆட்டத்தில் 2 வெற்றி, 6 தோல்வி. பாதியிலேயே பதவி டோனியிடம் திரும்பியது. 2021-ல் டோனி 16 ஆட்டத்தில் எடுத்தது 114 ரன்தான். ஆனால் அந்த ஆண்டு கோப்பை சென்னைக்கு. “பாத்தியா, தல இருந்தா போதும்” என்று சொல்ல அது ஒன்று போதாதா?

நாற்காலியை இரண்டு தடவை கைமாற்றி பார்த்தார்கள். கிளவுசை ஒரு தடவைகூட கைமாற்றவில்லை. தப்பு நடந்தது அங்கேதான்.

277 ரன் அடித்த ஜெகதீசன்

கோவை பையன் நாராயண் ஜெகதீசனை ஞாபகம் இருக்கிறதா? கீப்பர். தொடக்க ஆட்டக்காரர். 2018-ல் சென்னை அணி எடுத்தது. 2022 வரை கூடவே வைத்திருந்தார்கள். 5 சீசனில் ஆட விட்டது ஒற்றை இலக்கத்தில்தான். 2022 நவம்பரில் கழற்றிவிட்டார்கள்.

அதே மாதம் 21-ந் தேதி பெங்களூரில் அருணாசல பிரதேசத்துக்கு எதிராக விஜய் ஹசாரே ஆட்டத்தில் 277 ரன் அடித்தார். உள்ளூர், சர்வதேச ஒருநாள் போட்டி எதிலும் அதுவரை யாரும் ஒரே இன்னிங்சில் அவ்வளவு அடித்ததில்லை. தமிழ்நாடு 50 ஓவரில் 506 ரன். தொடர்ச்சியாக 5 சதம். கொல்கத்தா அணி அவரை 90 லட்சத்துக்கு வாங்கிக்கொண்டது. 2025-ல் இங்கிலாந்தில் ரிஷப் பண்ட் காலில் அடிபட்டபோது இந்திய டெஸ்ட் அணி அவசரமாக கூப்பிட்டதும் இவரைத்தான்.

ஜெகதீசன் வந்திருந்தால் சென்னை ஜெயித்திருக்கும் என்று யாரும் அடித்து சொல்ல முடியாது. கொல்கத்தாவிலும் அவர் பெரிதாக சோபிக்கவில்லை. விஷயம் அது இல்லை. 5 வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு மிஷின் கொடுத்து பார்க்கவே இல்லையே!

அமெரிக்காவில் ஒரு பேக்கிங் கம்பெனி ஊர்

இந்த சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் ஒரு கால்பந்து இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, ஆட்டம் ரக்பி மாதிரி. அதில் ‘குவார்ட்டர்பேக்’ என்று ஒருவர். பந்து அவர் கையில் இருந்துதான் கிளம்பும். நம்ம கேப்டன், கீப்பர், கடைசி ஓவர் அடிப்பவர் மூன்றையும் ஒருவரிடம் கொடுத்தால் எப்படியோ அப்படி.

கிரீன் பே என்ற சின்ன ஊர். அங்கே ‘பேக்கர்ஸ்’ என்று ஒரு அணி. 1919-ல் இறைச்சி டப்பா அடைக்கும் கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க்காக வேலை பார்த்த ஒருவர், பனியன் வாங்க முதலாளியிடம் காசு கேட்டு ஆரம்பித்த அணி. அதனால்தான் அந்த பெயர். கம்பெனி பெயர் ‘இந்தியன் பேக்கிங் கம்பெனி’. நம்ம நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!

அந்த அணிக்கு பிரெட் பாவர் என்று ஒரு குவார்ட்டர்பேக். ஊருக்கே தெய்வம். டோனி மாதிரியே லீவு போடாத ஆள். 2005-ல் அவர் உச்சத்தில் இருந்து இறங்க ஆரம்பித்ததும், ஆரோன் ராட்ஜர்ஸ் என்ற பையனை எடுத்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மூன்று சீசன் அவன் கற்றுக்கொண்டான். 2008 மார்ச்சில் பாவர் அழுதுகொண்டே ஓய்வு அறிவித்தார். பிறகு மனசு மாறி திரும்ப வந்தார். அணி “இடம் கொடுத்தாச்சு சார்” என்று சொல்லி ஆகஸ்டில் நியூயார்க் அணிக்கு அனுப்பியது. ஊரே கொதித்தது. முதல் வருஷம் 16 ஆட்டத்தில் 6 வெற்றிதான். ஆனாலும் ராட்ஜர்சை மாற்றவில்லை. 2011 பிப்ரவரியில் அவர் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

ராட்ஜர்சுக்கு வயதானபோதும் இதையேதான் செய்தார்கள். 2020-ல் ஜோர்டான் லவ் வந்தார், மூன்று வருஷம் உட்கார்ந்தார். 2023-ல் ராட்ஜர்சை அதே நியூயார்க் அணிக்கே அனுப்பி வைத்தார்கள். போன இடத்தில் முதல் ஆட்டத்திலேயே அவர் கணுக்காலுக்கு பின்னால் தசைநார் அறுந்து போனது தனி கதை.

ரூ.4 கோடி, ரூ.1,700

சென்னைக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் 2024 செப்டம்பரில் வந்த விதி வேலையை சுலபமாக்கியது. 5 வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை ‘அன்கேப்டு’ கணக்கில் 4 கோடிக்கு வைத்துக்கொள்ளலாம். டோனி கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2019 ஜூலை உலகக்கோப்பை அரை இறுதி. கெய்க்வாட்டுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, டோனிக்கு 4 கோடி. இவ்வளவு மலிவாக கிடைக்கும்போது எந்த முதலாளி விடுவார்? ஆனால் காசு குறைந்ததே தவிர 11 பேரில் அவர் பிடிக்கும் இடம் குறையவில்லை.

“இம்பாக்ட் பிளேயராக டோனியை கடைசியில் மட்டும் இறக்கலாமே?” என்று பலர் கேட்கிறார்கள். இறக்கலாம். ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு இம்பாக்ட் பிளேயர்தான். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. 10 பந்து ஆட ஒருவருக்கு அதை கொடுத்துவிட்டால், எதிரணி ஒரு முழு பேட்ஸ்மேனையோ, 4 ஓவர் போடும் பந்து வீச்சாளரையோ கூடுதலாக இறக்கிவிடும். அப்போதும் கீப்பிங் செய்ய வேறு ஆள் வேண்டும்.

இன்னொரு பக்கம் கூட்டம். 2025-ல் சேப்பாக்கத்தில் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். காண்டிராக்ட் தொழிலாளிக்கு அது சில நாள் கூலி. 40 கிலோமீட்டர் போய், அந்த காசை கொடுத்து உட்காருபவர் பார்க்க போவது டோனியைத்தான். தான் சீக்கிரம் இறங்கினால், எப்போது அவுட் ஆவேன் என்று கூட்டம் காத்திருக்கும் என 2023-ல் ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாலும் அதில் வலி இருந்தது. சொந்த அணி விக்கெட் விழுந்தால் சொந்த ஊர் கூட்டம் கை தட்டுவது உலகத்தில் வேறு எங்கேயும் நடக்குமா தெரியவில்லை.

அந்த ரசிகரை குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கு முட்டி வலி என்றால் என்ன என்று தெரியும். அந்த வலியோடு 43 வயதில் ஒருவர் எழுந்து வந்து சிக்சர் அடித்தால் கை தட்டத்தான் செய்வார். இங்கே முட்டி வலி என்று சொன்னால் மறுவாரமே வேறு ஆள் நிற்பான். ஒருவரையாவது அப்படி தூக்கி போடாமல் வைத்திருக்கிறார்களே என்ற ஆறுதலும் அந்த கைதட்டலில் உண்டு.

ஆனாலும் 2024-ல் செய்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது என்பது நம் கணக்கு. வெளியூர் ஆட்டத்தில் பாதியிலாவது டோனியை உட்கார வைத்து, ஒரு இளம் கீப்பரை நிற்க வைத்திருக்கலாம். சேப்பாக்கத்தில் தல ஆடுவார், கூட்டமும் ஏமாறாது. இரண்டு வருஷத்தில் பையன் தேறி இருப்பான், முட்டியும் கொஞ்சம் மிச்சமாகி இருக்கும்.

அணி விழித்தது 2025 கடைசியில்தான். நவம்பர் 15-ந் தேதி ராஜஸ்தானிடம் இருந்து கீப்பர் சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு கொண்டு வந்தார்கள். டிசம்பர் 16-ந் தேதி அபுதாபி ஏலத்தில் கார்த்திக் சர்மா என்ற 19 வயது கீப்பரை 14 கோடியே 20 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். டோனியையும் 4 கோடிக்கு அப்படியே வைத்துக்கொண்டார்கள். சாம்சனுக்கு பதிலாக இரண்டு பேரை ராஜஸ்தானுக்கு கொடுக்க வேண்டி இருந்தது. ஒருவர் சாம் கரண். இன்னொருவர் ஆமதாபாத்தில் கடைசி 2 பந்தில் 10 ரன் அடித்த ஜடேஜா.